வெள்ளைச் சேலைக்கு வந்த துக்கம்

ஜூன் 10

இந்த டைரி பைப் கம்பெனிக்காரன் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. அவர் எழுதுகிற ஆள் இல்லை. எழுதினாலும் வீட்டில் இருக்கிற ஆள் இல்லை. ஜனவரியிலிருந்து இதன்மேல் சூட்டோடு தோசைக்கல்லை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அட்டையில் வட்டமாக ஒரு வடு. இன்றைக்குத் துடைத்து எடுத்ததற்குக் காரணம், நான் நர்சிங் சேர்ந்துவிட்டேன்.

வயது நாற்பத்து மூன்று. எடை எழுதுவதாக இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரிக்கு மாடியில் இருக்கிறது பயிற்சி நிலையம். பத்து மாதத்தில் உதவிச் செவிலியர். போர்டில் ஒரு வெளிநாட்டு நர்ஸ் பல் தெரியச் சிரிக்கிறாள். அவள் காலடியில் 'வயது வரம்பு இல்லை' என்று போட்டிருந்தது. மேசையில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும், "உக்காருங்கம்மா. பாப்பா வரலீங்களா?" என்றாள்.

"பாப்பா நாந்தானுங்க."

அவள் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

எதற்குச் சேர்ந்தேன் என்று கேட்டால், பொழுது போகவில்லை என்று சேர்ந்தேன். படித்து முடித்தவர்களைக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துக்கொள்கிறதாம். விடுதியும் உண்டாம். ஆளுக்கு ஒரு கட்டில், பூட்டுப் போட்ட ஓர் அலமாரி, மூன்று வேளையும் அடுத்தவர் சமைத்த சோறு. அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஜூன் 12

அவருக்குச் சொல்லலாம் என்று போன் போட்டேன். டவர் இல்லை.

இதை எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் படிக்கும்போது எனக்கே புரியாது. எங்கள் திருச்செங்கோட்டு ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் போர்வண்டியோடு வடக்கே போய், தேசம் முழுக்கத் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர்கள். எங்கள் தெருக் குழாயில் வாரம் ஒரு முறை காற்று வரும். என் வீட்டுக்காரர் செங்கோட்டுவேல், ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு போர்வண்டிக்கு மேனேஜர். முன்னெல்லாம் மழைக்காலத்துக்கும் பொங்கலுக்கும் வைகாசித் தேருக்கும் வருவார். அப்புறம் பொங்கலுக்கும் தேருக்கும் என்று ஆனது. போன வருஷம் தேருக்கு மட்டும் வந்தார். இந்த வருஷம் தேரும் நிலை சேர்ந்துவிட்டது. வேலை அதிகம். அங்கே டவரும் கிடைப்பதில்லை.

பிள்ளை இல்லை. யாரால் இல்லை என்பதை டாக்டரிடம் போகாமலே ஊர் முடிவு செய்துவிட்டது. என்னால்தானாம்.

ஜூன் 20

இன்று கட்டில் விரிக்கும் பாடம். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கல்யாணமானதிலிருந்து நான் செய்கிற வேலைக்குப் பாடமா என்று. விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து, இரண்டு தலையணை போட்டு, போர்வையைத் தாமரை மாதிரி மடித்து நடுவில் வைத்தேன்.

எங்கள் டீச்சர் ஜெசிந்தா மேடம் நாகர்கோவில்காரர். கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கலாமணியம்மா, மறுவீட்டுக்கு மருமவன் வாறாரா?"

"இல்லீங்க மேடம்."

"பின்ன எதுக்கு இந்தச் சோடனை? மூலைய இழுத்து அடியில சொருவல, தலையணை வாய் வாசலப் பாத்து இருக்கு. நோயாளி புரண்டா விரிப்போட கீழ கெடப்பாரு."

பத்துக்கு நாலு மார்க். பக்கத்துக் கட்டில் ரஞ்சிதாவுக்கு ஒன்பது. பதினெட்டு வயசு. வீட்டில் படுத்த பாயைக் காலால் தள்ளிவிட்டு வருகிற பெண் என்று அவளே சொன்னாள். "கவலப்படாதீங்க ஆன்ட்டி, பழகிரும்" என்று எனக்கு ஆறுதல் வேறு.

ஜூலை 5

யூனிபார்ம் வந்தது. வெள்ளைச் சுடிதார், வெள்ளைக் கோட்டு. திருப்பூரில் மொத்தமாகத் தைத்தது. மொத்தத்தில் நான் அடங்கவில்லை. இருப்பதிலேயே பெரிய அளவு என் முழங்கையோடு நின்றுவிட்டது. ரஞ்சிதாவும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்து என்னை அதிலிருந்து விடுவித்தார்கள். பிரசவம் பார்த்த அனுபவம் கிடைத்தது என்றாள் ஒருத்தி.

கடைசியில் எனக்கு மட்டும் வெள்ளைச் சேலை கட்ட அனுமதி. கரை கூடாது. பூ கூடாது. வளையல் கூடாது, கிருமி தங்கும். கழுத்தில் எதுவும் வெளியே தொங்கக் கூடாது, நோயாளியின் புண்ணில் படும். தாலியை ரவிக்கைக்குள் விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார் மேடம்.

ஜூலை 8

எழுத்து கோணலாக வருகிறது. சிரிப்பால்தான்.

காலையில் வெள்ளைச் சேலை, வெறுங்கை, பூவில்லாத கொண்டையோடு கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். அவசரத்தில் பொட்டு வைக்க மறந்திருக்கிறேன். எதிர் வீட்டு நாச்சம்மக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் சீமாறை நழுவ விட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். மூட்டுவலி என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

சாயங்காலம் தெரு முனையில் திரும்பினால், எங்கள் வாசலில் பிளாஸ்டிக் சேர்கள். செருப்புக் குவியல். பெண்கள் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடினேன்.

"ஆருக்குங்க? என்னாச்சுங்க?"

சங்ககிரிப் பெரியம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆருக்குன்னு கேக்கறாளே, சித்தம் கலங்கிப் போச்சே என்ற தங்கத்துக்கு" என்று ராகம் எடுத்தார். கூட்டமே ராகம் எடுத்தது. ராகம் நன்றாக இருந்ததால் எனக்கும் அழுகை வந்துவிட்டது. யாருக்கென்று தெரியாமலே கொஞ்ச நேரம் அழுதேன்.

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால் என் அண்ணன் நல்லசிவம், கையில் துணிக்கடைப் பையோடு நிற்கிறார். பைக்குள் புதுச் சேலை. தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் எடுத்து வருகிற கோடிச் சேலை. எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலைக்கு ஒரே அர்த்தம்தான், அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணா, இது யூனிபார்முங்ணா."

ராகம் நின்றது. 

"என்ன பார்மு?"

"நர்சு யூனிபார்ம். சுடிதார் அளவு பத்தலீங்ணா."

நாச்சம்மக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நாங்க என்னத்தக் கண்டோம்? மனுசன் உசுரோட இருக்கையில ஒருத்தி வெள்ளை கட்டிட்டுப் போனா என்ன நெனைக்கறது?"

"காலைல இருந்து மாப்பளைக்குப் போன் போடறேன், எடுக்கவே இல்ல" என்றார் அண்ணன். "அப்பறம் நம்பாம என்ன பண்ணச் சொல்ற?"

"எனக்கும்தான் எடுக்கறதில்ல. நான் அழுதனா?"

துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாவு இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது. பெரியம்மா இரண்டு பஸ் மாறி வந்தவர். டீ போட்டுக் கொடுத்தேன். டீ உள்ளே போனதும் துக்கம் கோபமாக மாறியது. கட்டின பெண் கண்ட ஆம்பளையைத் தொட்டுத் துடைப்பதா, அதுவும் வெள்ளைச் சேலையில். படிப்பை நிறுத்து என்றார் அண்ணன். மாப்பிள்ளையிடமே கேட்டுவிடலாம், அவர் சொல்வதுதான் முடிவு என்றார்.

என் போனிலும் அண்ணன் போனிலும் மறுபடி டவர் இல்லை. பெரியம்மா போனிலிருந்து போட்டதும் முதல் மணியிலேயே எடுத்தார். புது நம்பருக்கு மட்டும் டவர் கிடைக்கும் போல. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, கலாமணி நர்சு படிக்கறாளாமா. நீங்க என்ன சொல்றீங்க?"

"என்னமோ பண்ணிக்கட்டும் மச்சான். இங்க சோலியா இருக்கறேன்."

பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஒரு பெண் குரல் என்னவோ இந்தியில் அதட்டியது. போன் நின்றுவிட்டது.

"டிவி" என்றேன் நான். போர்வண்டியில் டிவி எல்லாம் வைத்துக் கொடுக்கிறார்கள், நல்ல முன்னேற்றம்தான்.

 அண்ணன் டீயை ஊதி ஊதிக் குடித்தார். அது ஆறி அரைமணி நேரம் ஆகியிருந்தது. போகும்போது கோடிச் சேலைப் பையை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். படிப்பைப் பற்றி அதற்கப்புறம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 9

அனுமதி கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேன். தலைவலி.

ஆகஸ்ட் 22

ஊசி போட்டுப் பழக ஆளுக்கொரு சாத்துக்குடி. தோலுக்கு அடியில் எவ்வளவு ஆழம், தசைக்குள் எவ்வளவு ஆழம் என்று குத்திக் குத்திப் பழகவேண்டும். மதியம் பசித்தது. என் நோயாளியை உரித்துத் தின்றுவிட்டேன். கொஞ்சம் தண்ணியாக இருந்தார்.

"நோயாளியத் தின்னக் கூடாது மக்கா" என்றார் மேடம். "இந்த ஒண்ணத்தான் நான் பாடத்துல சொல்லாம விட்டேன், அதையும் செஞ்சு காட்டிட்டீங்க."

அக்டோபர் 17

ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டுப் பயிற்சி. எனக்கு ஆண்கள் வார்டு. மீசை வைத்த ஒரு பெரியவருக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர், "அம்மிணி, இவ்வளவு நேரமும் தலகாணியத் தொடைக்கறீங்க" என்றார். அப்புறம் திரும்பி ஒழுங்காகத் துடைத்தேன். முதுகில் ஒரு பெரிய தழும்பு. மாடு முட்டியதாம். கதை முழுக்கச் சொன்னார். முதுகைத் துடைத்து முடிப்பதற்குள் எனக்கு வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?"

"போர்வண்டிங்க."

"ஓ" என்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

அக்டோபர் 31

தீபாவளி. அதிரசம் நன்றாக வந்தது.

நவம்பர் 25

புண் கட்டுவதில் ஒன்பது மார்க். ஜெசிந்தா மேடம் ஒன்பதை லேசில் கொடுப்பதில்லை. நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும், தொட்ட பஞ்சை மறுபடி தொடக்கூடாது, இறுக்கமும் கூடாது தளர்ச்சியும் கூடாது. புண்ணைப் பார்த்து முகம் சுளிக்கவும் கூடாது. ரஞ்சிதா முகம் சுளித்துவிட்டாள். இப்போதெல்லாம் என்னை அக்கா என்கிறாள். ஆன்ட்டியிலிருந்து அக்காவுக்கு ஐந்து மாதம். பரீட்சைக்குள் தங்கச்சி ஆகிவிடுவேன்.

ஜனவரி 14

பொங்கல். வாசலில் கோலம் பெரிதாகப் போட்டேன். மிதிக்க ஆள் இல்லாததால் மூன்று நாளும் அப்படியே இருந்தது என்று நாளை மறுநாள் எழுதப்போகிறேன், இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 9

அவர் வந்துவிட்டார்.

வண்டி டிரைவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். சர்க்கரை. இரும்பு இடித்த காயம், வலிக்கவில்லை என்று மாதக் கணக்கில் விட்டிருக்கிறார். அழுக்குத் துணி சுற்றியிருந்தது. பூப்போட்ட துணி, ஏதோ சேலைக் கிழிசல்.

"அங்க பாத்துக்க ஆளில்ல கலா."

"இருக்காதுங்க" என்றேன். அவிழ்த்துக் கழுவினேன். முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் அவர் பையிலிருந்து துணிகளைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் லாரி. ஒரு சக்கரம் இல்லை. போர்வண்டித் தொழிலில் இந்த மாதிரி மாடல் எல்லாம் வைத்துக்கொள்வார்கள் போல. துடைத்து ஜன்னலில் வைத்தேன்.

பிப்ரவரி 12

டாக்டர் பார்த்தார். எலும்புக்குப் போகவில்லை, காலுக்கு ஆபத்தில்லை. தினமும் கட்டு மாற்றவேண்டும், மாத்திரையைத் தவறவிடக்கூடாது. நாச்சம்மக்கா வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். உயிரோடு வந்த மனுஷனிடம் துக்கம் விசாரித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மார்ச் 2

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் பட்டியலில் என் பேர் வந்துவிட்டது. ஏப்ரல் ஏழாம் தேதி சேரவேண்டும். பேக்கரியில் ரஞ்சிதாவுக்கு ஜாம் பன் வாங்கிக் கொடுத்தேன். நான் இரண்டு.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கட்டிலில். நாச்சம்மக்கா வாசற்படியில். ஜூலையில் படிப்பை நிறுத்தச் சொன்ன அதே வாய்கள்.

"கடவுளாப் பாத்துத்தான் அம்மிணி உன்னையப் படிக்க வெச்சிருக்கறாரு" என்றார் அண்ணன். "இந்த நாளுக்குன்னே."

"நாங்கூட அன்னிக்குத் தப்பா நெனச்சுப்போட்டேன்" என்றார் நாச்சம்மக்கா. "புருசனுக்குச் செய்யறதுக்குன்னா நர்சு படிப்பு எவ்வளவு ஒசத்தி."

"கோயமுத்தூரெல்லாம் எதுக்கு? ஒரே ஒரு நோயாளி, அதுவும் சொந்த நோயாளி."

"சொந்த நோயாளிக்கு விடுதி இல்லீங்களேண்ணா."

 அவர் கட்டிலில் இருந்து, "நீ போயிட்டா எனக்கு ஆரு கட்டுக் கட்டுவா?" என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காத மனுஷன். பாவமாகவும் இருந்தது, அதுதான் கோபம். ராத்திரி சோறு இறங்கவில்லை. என் வரலாற்றில் முதல் முறை.

மார்ச் 5

ஆளுக்கொரு நோயாளியைத் தொடர்ந்து பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கவேண்டும். நான் வீட்டு நோயாளியையே எழுதினேன். ஜெசிந்தா மேடம் படித்துக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"எல்லாம் சரி. வீட்டுக்குப் போன பொறவு இவருக்கு யாரு கட்டு மாத்துவா?"

"இவரு வீட்டுலதான் மேடம் இருக்காரு. நாந்தான்."

"கலாமணியம்மா, வார்டுல நோயாளியக் கைய விட்டு அனுப்பும்போ கடைசியா என்ன செய்வோம்?"

"அவங்களே பாத்துக்கச் சொல்லிக்கொடுப்போம்."

"அது எங்க? சொல்லிக்கொடுக்கலன்னா நோயாளியும் தேற மாட்டாரு, நீங்களும் தேற மாட்டீங்க." அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மார்க் போடவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் வெளியே பார்க்காமல் வந்தேன்.

மார்ச் 8

ஆரம்பித்துவிட்டேன். முதலில் கை கழுவுவது. மனுஷன் குழாயைத் திறந்து, விரல் நுனியைக் காட்டிவிட்டு, முடிந்தது என்றார்.

"மறுபடி கழுவுங்க."

"நான் ஆம்பள, இதெல்லாம் எனக்கு வராது புள்ள."

"ஆயிரம் அடி தோண்டறவருக்கு நாலு விரக்கடை தொடைக்க வராதுங்களா?"

மார்ச் 15

தொப்பையைத் தாண்டிக் கால் எட்டவில்லை. முக்காலி போட்டுக் காலைத் தூக்கி வைத்து, ஒருக்களித்து உட்காரச் சொன்னேன். எட்டியது. எட்டியவுடன் பஞ்சு கீழே விழுந்தது. அதையே எடுத்துத் துடைக்கப் போனார். கையில் ஓர் அடி வைத்தேன். கல்யாணமானதிலிருந்து முதல் அடி. இரண்டு பேருக்குமே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று மார்க்.

மார்ச் 27

ஐந்து மார்க். தளர்வாகக் கட்டினார், நடந்தவுடன் அவிழ்ந்து வாசல்வரை கட்டுத்துணி. புண் சுருங்கி ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்திருக்கிறது. பரீட்சை நன்றாக எழுதினேன். அறிக்கைக்கும் மார்க் வந்துவிட்டது. ஒன்பது.

நாச்சம்மக்கா, தினமும் சோறு கொடுத்தனுப்புவதாகத் தானாகவே சொன்னார். அவருக்கும் பக்கத்தில் இருந்து செய்தி வேண்டுமே.

ஏப்ரல் 6

காலையில் முழுசாக அவரே செய்தார். கை கழுவி, நடுவிலிருந்து வெளியே துடைத்து, பஞ்சை மாற்றி, மருந்து போட்டு, கட்டி முடித்து என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் கோணல். ஏழு மார்க் போட்டேன். "ஏழுதானா?" என்றார். நாலு வாங்கினவள் நான், சொல்லவில்லை.

பெட்டியில் வெள்ளைச் சேலை இரண்டும், அண்ணன் மறந்துவிட்டுப் போன கோடிச் சேலையும் வைத்தேன். நல்ல சேலை, வீணாகவா போகும்.

கிளம்பும்போது ஜன்னலில் இருந்த லாரியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"கால் ஆறினதும் கொண்டு போய்க் குடுத்துருங்க. தேடிட்டிருக்கும்."

அவர் லாரியைப் பார்த்தார். இல்லாத சக்கரத்தின் இடத்தை விரலால் தடவினார். சுவரைப் பார்த்தார். எங்கள் சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை, போன வருஷத்து நாட்காட்டிதான்.

"எப்ப வருவ கலா?"

"வேலையப் பொறுத்துங்க."

"போனாவது பண்ணு."

"பாக்கறனுங்க. ஆஸ்பத்திரிக்குள்ள டவர் கெடைக்காதாம்."

நாச்சம்மக்கா வாசலில் சீமாறோடு நின்றார். இந்த முறை கீழே போடவில்லை.

ஏப்ரல் 7

விடுதி. மூன்றாவது மாடி. கட்டில் ஒன்று, அலமாரி ஒன்று, சாவி என்னிடம். கட்டிலை மூலை இழுத்துச் சொருகி விரித்தேன். தலையணை வாய் வாசலைப் பார்க்கவில்லை.

மதியம் சாம்பாரில் உப்பு இல்லை. கத்தரிக்காய் வேகவில்லை. அடுத்தவர் சமைத்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் போன் மணி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. அவர் பேர். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். காலில் ஒன்றும் இருக்காது, கட்டு சரியாகத்தான் இருந்தது. நாளைக்குக் காலையில் பேசலாம், அல்லது வைகாசித் தேருக்கு.

இங்கே டவர் அருமையாகக் கிடைக்கிறது.